அப்பாவின் காப்பீட்டு விவரம் கசிந்துவிட்டது, வழக்குப் போடலாமா? அவசரம்

சுதா_மதுரை · செவ்வாய், இரவு 11.07
அப்பாவின் மருத்துவக் காப்பீட்டு விவரம் மொத்தமும் வெளியே போய்விட்டது. யாரோ போன் செய்து பாலிசி எண், பிரீமியம், போன வருடம் செய்த பித்தப்பை அறுவைச் சிகிச்சை என்று வரிசையாக ஒப்பிக்கிறார்கள். நிறுவனத்தைக் கேட்டால் "எங்கள் பக்கம் எந்தக் கசிவும் இல்லை" என்று ஒரே பாட்டு. எங்கே வழக்குப் போடுவது? எவ்வளவு கிடைக்கும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நெல்லை குமரன் · இரவு 11.15
எந்த நிறுவனம்? வாயால் கேட்டீர்களா, எழுத்திலா? பணம் ஏதாவது போனதா? இது எதுவும் சொல்லாமல் "எவ்வளவு கிடைக்கும்" என்றால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய ஏஜென்ட் · இரவு 11.21
இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஏஜென்ட் வேலைதான். இருபத்திரண்டு வருடம் அந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். புதுப்பிப்புத் தேதி எழுதிய நோட்டு ஒன்று எல்லாரிடமும் இருக்கும். அது கைமாறும்.

வரதன் பி.எல். · இரவு 11.40
கேள்வி கேட்பதற்கு முன் சட்டத்தைக் கொஞ்சமாவது புரட்டிப் பார்க்கும் வழக்கம் ஒழிந்தே போய்விட்டது. இந்த விஷயத்துக்கு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்துவிட்டது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் புகார் அனுப்புங்கள். விஷயம் முடிந்தது.

சுதா_மதுரை · புதன், காலை 6.50
250 கோடியா? அதில் அப்பாவுக்கு ஒரு பங்கு வருமா சார்?

மீனா அக்கா · காலை 7.32
வராது அம்மா. அந்த அபராதம் நேராக இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்விடும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்ற ஏற்பாடே அந்தச் சட்டத்தில் இல்லை. வரதன் சார் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.
குமரன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பணம் போனதா, இல்லையா?

சுதா_மதுரை · காலை 7.45
நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தனியார் நிறுவனம். போனில்தான் கேட்டேன். இன்னொன்று, பாலிசியில் அப்பாவின் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது. டிசம்பர் 3 என்பதை மார்ச் 12 என்று போட்டுவிட்டார்கள். நாங்களும் திருத்தாமலே விட்டுவிட்டோம். போன் செய்தவன் அந்தத் தப்புத் தேதியைத்தான் சொன்னானாம். இது முக்கியமா?

நெல்லை குமரன் · காலை 7.51
முக்கியமாவா! இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஆதாரில் என்ன தேதி? மருத்துவமனையில் எதைக் கொடுத்தீர்கள்?

சுதா_மதுரை · காலை 7.58
ஆதாரில் டிசம்பர் 3. மருத்துவமனையில் ஆதார்தான் கொடுத்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் சரியான தேதிதான்.

மீனா அக்கா · காலை 8.20
அப்படியானால் மருத்துவமனைப் பதிவிலிருந்து போயிருக்க வாய்ப்பு குறைவு. மார்ச் 12 என்ற தேதி நிறுவனத்தின் பதிவிலும், அங்கிருந்து விவரம் வாங்கும் டிபிஏவிடமும்தான் (நிறுவனத்துக்காக மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைக் கையாளும் வெளி நிறுவனம்) இருக்கும். டிபிஏ என்றாலும் நிறுவனம் கைகழுவ முடியாது. அவர்களை வேலைக்கு வைத்தது நிறுவனம்தான், நீங்கள் அல்ல.

பழைய ஏஜென்ட் · காலை 8.34
நான் சொன்னதுதான் சரியாகிறது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது ஏஜென்ட். தப்பாக எழுதியவர் நோட்டிலும் அதே தப்பு இருக்கும்.

சுதா_மதுரை · காலை 8.41
எங்கள் ஏஜென்ட் 2022 இல் காலமாகிவிட்டார் ஐயா. அறுவைச் சிகிச்சை போன வருடம்தான் நடந்தது.

பழைய ஏஜென்ட் · காலை 8.44
அவருக்கு மகன் இருக்கிறாரா?

டெக்சாஸ் ரவி · காலை 9.10
இங்கே அமெரிக்காவில் 2015 இல் ஆன்தம் என்ற காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கிட்டத்தட்ட 7.9 கோடிப் பேரின் விவரம் திருடுபோனது. எல்லாருமாகச் சேர்ந்து வழக்குப் போட்டு 11.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இந்தியாவில் அப்படி ஒன்றும் கிடையாதா?

மீனா அக்கா · காலை 9.26
அந்த அளவுக்கு இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 35 இல் ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் ஆட்களைத் திரட்டுவது யார்? 2024 செப்டம்பரில் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலியில் தானாகப் பதில் தரும் பாட் ஒன்றின் வழியாக வெளிவந்தபோது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது நிறுவனம்தான். டெலிகிராம் மீது வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து செய்தி படித்தார்.

சுதா_மதுரை · காலை 9.31
எங்களுடையது அந்த நிறுவனம் இல்லை, வேறு.

வரதன் பி.எல். · காலை 10.05
நுகர்வோர் ஆணையம், பிரிவு 35 என்று ஆளுக்கொரு திசையில் இழுக்கிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில்தான் முன்பு இழப்பீடு கேட்க முடிந்தது. 2023 சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இன்று அது செத்த பிரிவு. தெரியாதவர்கள் அமைதியாக இருக்கலாம்.

மீனா அக்கா · காலை 10.31
தெரிந்துதான் பேசுகிறேன். 43ஏ பிரிவை நீக்குவது 2023 சட்டத்தின் 44(2). 2025 நவம்பர் அறிவிக்கையின்படி அது 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வருகிறது. அதாவது 2027 மே வரை 43ஏ உயிரோடு இருக்கிறது. நீங்கள் சொன்ன 250 கோடி அபராதப் பிரிவும் அதே 18 மாத வரிசையில்தான் நிற்கிறது. இருப்பதைச் செத்ததாகவும் வராததை வந்ததாகவும் சொல்லி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

வரதன் பி.எல். · காலை 10.48
வாரியம் தொடர்பான பிரிவுகள் உடனே அமலாகிவிட்டன. அதைச் சொன்னேன்.

நெல்லை குமரன் · காலை 10.50
நாற்காலி போட்டாயிற்று, பந்தி இன்னும் தொடங்கவில்லை. சார், விடுங்கள்.

வரதன் பி.எல். · காலை 10.57
சட்டம் பந்தி அல்ல. 43ஏ என்று சொன்னால் போதுமா? "நியாயமான பாதுகாப்பு நடைமுறை" இல்லாமல் நிறுவனம் அலட்சியமாக இருந்தது என்று காட்ட வேண்டும். வயதானவர் வீட்டிலிருந்து அதை எப்படி நிரூபிப்பார்?

மீனா அக்கா · காலை 11.22
இந்தக் கேள்வி சரியான கேள்வி. சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசல் மூடவில்லை. 43ஏ பிரிவுக்காக வந்த 2011 விதிகளின்படி உடல்நிலை, மருத்துவப் பதிவு இரண்டும் நுண்ணுணர்வுத் தகவல், அதாவது கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தகவல். 5 கோடி ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை அட்ஜுடிகேட்டிங் ஆபீசர் என்கிற தீர்ப்பளிக்கும் அதிகாரி விசாரிக்கிறார். அவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். 2010 ஏப்ரலில் நம் தமிழ்நாட்டு அதிகாரியே, பிஷிங்கில், அதாவது வங்கி அனுப்பியது போன்ற போலி மின்னஞ்சலை நம்பிப் பணம் இழந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போய் அது வருடக்கணக்கில் இழுத்தது வேறு கதை.
சுதா, மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பணம்?

சுதா_மதுரை · மதியம் 1.15
போனது அக்கா. 18,400 ரூபாய். இன்றே கட்டினால் புதுப்பிப்பில் தள்ளுபடி என்று சொல்லியிருக்கிறான். அப்பா யுபிஐயில் அனுப்பிவிட்டார். ஒன்பது நாள் ஆகிறது. அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடமே நேற்றுதான் சொன்னார். அதனால்தான் எழுதவில்லை.

நெல்லை குமரன் · மதியம் 1.18
சட்டம் எல்லாம் பிறகு. இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்யுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே வங்கிக்கும் எழுதுங்கள். ஒன்பது நாளில் பெரும்பகுதி போயிருக்கும். மிச்சம் ஏதாவது எந்தக் கணக்கிலாவது நின்றால் முடக்குவார்கள்.

டெக்சாஸ் ரவி · மதியம் 1.30
மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கியே முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே?

நெல்லை குமரன் · மதியம் 1.37
2017 ஜூலைச் சுற்றறிக்கை. அது நமக்குத் தெரியாமல் நம் கணக்கிலிருந்து போகும் பணத்துக்கு. இங்கே அப்பாவே பின் எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார். வங்கி அதைத்தான் சுட்டிக்காட்டும்.

மீனா அக்கா · மதியம் 2.40
அப்பாவைத் திட்டாதீர்கள். அறுவைச் சிகிச்சை நடந்த தேதி வரை சொல்பவனை யார்தான் நம்பமாட்டார்கள்? வழக்கில் உங்கள் பலமே அதுதான். விவரம் கசிந்ததால் நம்பினார், நம்பியதால் பணம் போனது.
நான் செய்வதானால், முதலில் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து பாலிசிப் பத்திரத்தை இன்றைய தேதியில் ஒருமுறை தரவிறக்கி, அந்த மார்ச் 12 தெரிகிறபடி அச்செடுத்து வைப்பேன். அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி இருந்தால் போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு சாட்சியச் சட்டம் 2023 பிரிவு 63 இன் கீழ் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு அசல் கருவி வேண்டும். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். அதில் பிறந்த தேதிச் சமாசாரத்தை இப்போது எழுத வேண்டாம். பதில் திருப்தி இல்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்த் தளம். ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைகளை விசாரிக்கும் அதிகாரி. வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை.
அல்லது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியிடுவது முறையற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) சொல்கிறது. ஆனால் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஓம்பட்ஸ்மேன் எடுக்கமாட்டார். எனவே எது முதலில் என்று யோசித்துச் செய்யுங்கள்.

பழைய ஏஜென்ட் · மதியம் 3.02
மகனைப் பற்றிக் கேட்டேனே, பதில் இல்லை.

வரதன் பி.எல். · மாலை 4.15
மேலே சொன்னதில் பெரும்பாலும் சரி. பாலிசிப் பத்திரத்தின் மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுதா_மதுரை · 19 நாள் கழித்து, இரவு 9.48
எல்லாருக்கும் நன்றி. 1930 இல் பதிவு செய்தேன். ஏதோ ஒரு கணக்கில் 3,150 ரூபாயை முடக்கியிருக்கிறார்களாம். நிறுவனத்துக்கு எழுதினேன். அவசரத்தில் பிறந்த தேதி விஷயத்தையும் எழுதிவிட்டேன், மன்னியுங்கள் அக்கா. "கசிவு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று பதில் வந்தது. கூடவே புதுப் பாலிசிப் பத்திரமும் வந்திருக்கிறது. அதில் டிசம்பர் 3. நாங்கள் திருத்தச் சொல்லவே இல்லை.

நெல்லை குமரன் · இரவு 9.53
பழையதை அச்செடுத்தீர்களா?

மீனா அக்கா · இரவு 10.20
சுதா?