ஹைகோர்ட்டில் தோற்ற சவுத் சிட்னி லீகில் நீடித்தது எப்படி?

கேள்வி:
ஆஸ்திரேலிய ரக்பி லீக் கிளப்பான சவுத் சிட்னி ராபிட்டோஸின் (சுருக்கமாக சவுத்ஸ்) வரலாற்றில் ஒரு இடம் இடிக்கிறது. 1999 அக்டோபரில் லீக் அவர்களை வெளியேற்றியது. 2003-ல் ஆஸ்திரேலிய ஹைகோர்ட் (அங்கே அதற்கு மேல் கோர்ட் கிடையாது) 4–1 என்று அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆனால் 2002 முதல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எது சரி?

பதில் 1:
இரண்டும் சரி. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பழைய லீகுக்கும் அதற்குப் போட்டியாகத் தொடங்கிய சூப்பர் லீகுக்கும் நடந்த சண்டை முடிந்து 1997 டிசம்பரில் இரு தரப்பும் கைகோத்தபோதே, 2000-ல் 14 அணிதான் என்று எழுதிக்கொண்டார்கள். 1998-ல் ஆடியவை 20. வெளியே தள்ளப்பட்ட சவுத்ஸ் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2000 சீசன் போயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று வழக்கும் தள்ளுபடி. ஒன்பதாம் நாள் கிளப்பின் சொந்தப் பகுதியான ரெட்ஃபெர்னிலிருந்து சிட்னி டவுன் ஹால் வரை ஏறத்தாழ 80,000 பேர் சிவப்பும் பச்சையுமாக நடந்தார்கள். கோர்ட்டில் தோற்ற பிறகு திரண்ட கூட்டம் அது என்பதை மறக்கக் கூடாது.

2001 ஜூலை 6, மேல்முறையீட்டில் ஃபெடரல் கோர்ட்டின் முழு அமர்வில் (மூன்று நீதிபதிகள்) 2–1 வெற்றி. அதை வைத்துத்தான் 2002-ல் 15-வது அணியாக உள்ளே வந்தார்கள். ஒற்றைப்படை என்பதால் வாரம் ஒரு அணி ஓய்வில் உட்கார வேண்டியிருந்தது. ஹைகோர்ட் தீர்ப்பு வந்த 2003 ஆகஸ்டில் சவுத்ஸ் இரண்டாவது சீசன் ஆடிக்கொண்டிருந்தது. அதன்பின் யாரும் வெளியேற்றவில்லை.

பதில் 2:
சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 1974-ம் ஆண்டு டிரேட் பிராக்டிசஸ் சட்டம் (வணிகப் போட்டியைக் காக்கும் சட்டம்), பிரிவு 4டி. போட்டியாளர்கள் கூடி, குறிப்பிட்ட சிலருக்குச் சேவை கிடைக்கவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு ஒப்பந்தம் போட்டால் சட்டமீறல். வழக்கு முழுக்க ‘நோக்கம்’ என்ற ஒரு சொல்லில் நின்றது. 14 என்று எழுதும்போதே சில கிளப்புகள் வெளியே போகும் என்று தெரியும், ஆகவே அதுவும் நோக்கமே என்றது முழு அமர்வு. தாங்கக்கூடிய அளவில் போட்டி நடத்துவதுதான் நோக்கம், சவுத்ஸ் வெளியே போனது அதன் விளைவு என்றது ஹைகோர்ட். நீதிபதி கிர்பி மட்டும் மாறுபட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வேறொரு கிளப்போடு இணைந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லையே?

பதில் 3:
இணைந்த அணிகளுக்கு இடம் உறுதி என்பதுதான் அன்றைய தூண்டில். நார்த் சிட்னி கிளப் என்ன ஆயிற்று என்று பாருங்கள். மேன்லி கிளப்போடு சேர்ந்து 2000-ல் நார்தர்ன் ஈகிள்ஸ் ஆனது. 2002-ல் அது கலைந்தது. அடுத்த ஆண்டு மேன்லி திரும்பியது, நார்த் சிட்னி திரும்பவில்லை. இணைந்த ஒரு கிளப்புக்கு நடந்தது அது.

சவுத்ஸின் நோய் பணம்தான், அதுவும் பழைய நோய். ரெட்ஃபெர்ன், வாட்டர்லூ பகுதிகளின் தொழிலாளர் குடும்பங்களும் ஈவ்லி ரயில்வே பட்டறைக்காரர்களும் வளர்த்த கிளப். 1971-க்குள் 20 கோப்பை வாங்கியிருந்தது. மறு ஆண்டே ஜான் ஓநீலும் ரே பிரானிகனும் மேன்லிக்கு, ரான் கூட் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்புக்கும் ஆடப் போனார்கள். ஒரே கோடையில் மூன்று தூண்கள். வளர்த்த ஆட்களைத் தக்கவைக்கக் காசில்லாத கிளப்பை, 1999-ல் கேட் வசூல், ஸ்பான்சர், லாபம் என்ற அளவுகோலால் அளந்தார்கள். எப்படித் தேறும்?

2006-ல் 75 சதவீதப் பங்கை நடிகர் ரஸ்ஸல் குரோவும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் ஆ கோர்ட்டும் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியதும் இந்தக் காரணத்தால்தான். அதற்கு உறுப்பினர் ஓட்டில் 75 சதவீதம் தேவை; விழுந்தது 75.8. மீதிக் கால் பங்கு இன்னும் உறுப்பினர்களுடையது.