மல்லி விதை எண்ணெயை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி:
தனியாவிலிருந்து ஆவியில் வடித்த நறுமண எண்ணெய் 10 மில்லி வாங்கினேன். மூடியைத் திறந்தால் மல்லித்தழை வாசமே இல்லை, இனிப்பாக, லேசாக எலுமிச்சை போல இருக்கிறது. அசல்தானா? கழுத்து வலிக்கு அப்படியே தேய்க்கலாமா?

பதில் 1:
வாசத்தை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம் அக்கா. தழையின் வாசம் ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்களால் வருவது. விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல் என்ற மணப்பொருள், லாவெண்டரிலும் இருப்பதுதான், அதனால்தான் மன அமைதிக்கு முகர்கிறார்கள். ஆனால் அப்படியே தேய்க்கவே கூடாது, 30 மில்லி நல்லெண்ணெயில் 12 சொட்டு போதும்.

பதில் 2:
நான் ராத்திரி பஞ்சில் 2 சொட்டு விட்டுத் தலைமாட்டில் வைப்பேன், மூச்சு தானாக நிதானமாகிவிடும். அப்புறம், மூடியை இறுக்கி மூடுங்கள். காற்றுப் பட்டுப் பழசானால் தோல் அரிக்கும், எனக்கு மணிக்கட்டு முழுக்கச் சிவந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
சரி, முதலில் முழங்கை மடிப்பில் கலந்ததைத் தடவி ஒரு நாள் பார்க்கிறேன்.