கார்பன் பிளாக் பூசிய மின்முனை: பீக் இடைவெளி 48 மில்லிவோல்ட், சந்தோஷப்படலாமா?

கரிவிரல் கேட்டது:
மூன்று மாதமாக இதிலேயே உழன்றுகொண்டிருக்கிறேன். 3 மி.மீ. கிளாஸி கார்பன் (கண்ணாடிபோல் வழவழப்பான கார்பன்) மின்முனை. வல்கன் எக்ஸ்சி-72 என்ற கார்பன் பிளாக் தூளை டிஎம்எஃப் என்ற கரைப்பானும் தண்ணீரும் சரிபாதி கலந்ததில் மில்லிலிட்டருக்கு 1 மி.கி. போட்டு, ஒரு மணி நேரம் சோனிகேட் செய்து (மீயொலியால் கலக்கி), 5 மைக்ரோலிட்டராக மூன்று தரம் சொட்டிக் காயவைத்தேன். சோதனைப் பொருளாக 5 மில்லிமோலார் ஃபெரிசயனைடு. அதில் சைக்ளிக் வோல்டாமெட்ரி, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது, வேகம் நொடிக்கு 100 மி.வோ. பூசுவதற்கு முன் பீக் இடைவெளி (ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் மின்னோட்ட உச்சங்களுக்கு நடுவிலுள்ள மின்னழுத்த வித்தியாசம்) 180 மி.வோ., பூசிய பின் 48! "எலக்ட்ரான் பரிமாற்றம் வேகமாகிவிட்டது" என்று அறிக்கையிலும் எழுதிவிட்டேன். ஆனால் ஐந்து மின்முனை செய்தால் ஐந்தும் ஐந்து விதம். கைட்டோசான் என்ற பாலிமரைச் சேர்த்தால் மின்னோட்டம் இன்னும் ஏறுகிறது. டோபமின் என்ற மூளை வேதிப்பொருளை அளப்பதுதான் இலக்கு. எங்கே கோட்டை விடுகிறேன்?

மெருகு:
அந்த 180தான் உறுத்துகிறது. ஒழுங்காகத் தேய்த்த கிளாஸி கார்பனில் ஃபெரிசயனைடு நூறுக்குள் வந்துவிடும். 0.05 மைக்ரான் அலுமினாவில் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். அழுக்கோடு ஒப்பிட்டால் எதைப் பூசினாலும் அற்புதமாகத்தான் தெரியும்.

பழையமின்கலன்:
நண்பரே, 48ஐப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். ஓர் எலக்ட்ரான் வினை எவ்வளவு வேகமாக நடந்தாலும், பொருள் கரைசலிலிருந்து விரவி வந்து சேர்வதென்றால், 25 டிகிரியில் இடைவெளி சுமார் 57 மி.வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. இறங்கினால், பூச்சின் துளைகளுக்குள் சிறைப்பட்ட கரைசல்தான் அங்கே வினைபுரிகிறது. நானும் ஒரு காலத்தில் இதே வரியை எழுதி, மதிப்பீட்டாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொட்டியது மொத்தம் 15 மைக்ரோகிராம். அந்த வல்கன் கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர். ஆக 37 சதுர செ.மீ. பரப்பு, 0.07 சதுர செ.மீ. வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 500 மடங்கு! முழுக்க நனைந்தால், சதுர செ.மீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் என்று வைத்தாலும், உங்கள் வேகத்தில் பின்னணி மின்னோட்டமே (வினையால் அல்ல, பரப்பு மின்னேற்றம் ஆவதால் வருவது) 37 மைக்ரோஆம்பியர். டயருக்குக் கருமை தரும் அதே தூள்தான், மலிவு, நல்ல கடத்தி, எனக்கும் பிடிக்கும். ஆனால் கூடின மின்னோட்டமெல்லாம் சிக்னல் ஆகிவிடாது. டோபமினைச் சதுர அலை முறையிலோ, டிபிவி என்ற வேறுபாட்டுத் துடிப்பு முறையிலோ அளங்கள், பின்னணி பெருமளவு கழிந்துவிடும்.

ஒரு சோதனை: நொடிக்கு 25 மி.வோல்ட் வேகத்தில் ஓட்டிவிட்டு 100இல் ஓட்டுங்கள். பின்னணியைக் கழித்த பீக் இரண்டு மடங்கானால் விரவல். நான்கு மடங்கானால் துளைக்குள் சிக்கிய கரைசல் அல்லது பரப்பில் ஒட்டிக்கொண்ட மூலக்கூறு.

கைட்டோசான் கதை வேறு. அமிலத்தில் அது நேர்மின் ஏற்றம் பெறும், எதிர்மின் ஃபெரிசயனைடை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். டோபமினும் நடுநிலைக் கரைசலில் நேர்மின்தான், அதற்கு அந்த உபசாரம் கிடைக்காது. எதிர்மின் ஏற்றமுள்ள நேஃபியான் பாலிமர் என்றால் தலைகீழ்: டோபமினை உள்ளே விடும், இடையூறு செய்யும் அஸ்கார்பிக் அமிலத்தை (வைட்டமின் சி) தள்ளிவைக்கும். எதற்கும் நேர்மின் ஏற்றமுள்ள ருத்தீனியம் ஹெக்ஸாஅமினிலும் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள்.

கரிவிரல்:
ஓட்டிவிட்டேன் அண்ணே. தேய்த்த பிறகு வெறும் மின்முனையில் பீக் இடைவெளி 82 மி.வோ. பூசியதில் நான்கு மடங்கு வேகத்துக்கு மின்னோட்டம் 3.1 மடங்கு. இரண்டுங்கெட்டான்!

பழையமின்கலன்:
இரண்டும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று சொட்டை ஒன்றாக்குங்கள், பூச்சு மெலியட்டும்.

மெருகு:
ஐந்தும் ஐந்து விதமாக வருவதற்கு, காய்கிற சொட்டின் விளிம்பில் தூள் வளையமாக ஒதுங்குகிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். சொட்டுவதற்குச் சற்று முன் மறுபடி ஐந்து நிமிடம் சோனிகேட் செய்யுங்கள், குப்பியின் அடியில் படிந்ததை அப்படியே உறிஞ்ச வேண்டாம். அந்த அறிக்கை வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.