ஜப்பானில் கவுண்டரில் பணிவு இருக்கு, காரியம் நடக்கல. எப்படிக் கேட்பது?

நிஷிகசாய்_புதுசு:
வணக்கம். ஜப்பான் வந்து எட்டு மாதம் ஆகிறது. கிரெடிட் கார்டு விண்ணப்பம் இரண்டு முறை திரும்பிவிட்டது. ஃபாரத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது. எனக்கோ பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே கிடையாது. ஃபோன் செய்தால் மன்னிப்புக்கு மேல் மன்னிப்பு, காரணம் மட்டும் வருவதில்லை. ஜப்பானியம் தெரிந்த நண்பர் பேசினால், அவரிடம் பேச முடியாது என்கிறார்கள். எதை, எப்படிக் கேட்டால் வழி பிறக்கும்?

கதகனா_கணக்கு:
முதலில் பெயரைச் சரிபாருங்கள். ரெசிடென்ஸ் கார்டில் ரோமன் எழுத்து. வங்கிக் கணினிக்கோ கதகனாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய ஒலி எழுத்து) இருப்பதுதான் பெயர். கார்த்திக் என்ற ஒரு பெயரையே நீட்டல் கோடு போட்டு, அதற்குப் பதில் 'ரு' போட்டு, சின்ன 'ட்சு' வைத்து, வைக்காமல் என்று நாலைந்து விதமாக எழுதலாம். கணக்கு திறந்த அன்று பதிவான வடிவம்தான் அங்கே உங்கள் பெயர். அது பாஸ்புக்கின் முதல் பக்கத்திலோ ஏடிஎம் கார்டிலோ இருக்கும். இடைவெளி உட்பட அப்படியே பார்த்து எழுதுங்கள். சின்ன எழுத்து பெரிய எழுத்தாக அச்சாகியிருந்தாலும் நீங்களாகத் திருத்தாதீர்கள். கார்டுக்கான பணம் மாதாமாதம் அந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள். ரெசிடென்ஸ் கார்டில் இல்லாத பெயர் அடையாளச் சரிபார்ப்பைத் தாண்டாது. அனுப்பும் முன்பே ஃபோன் செய்து, "மியோஜி கா நாய் தெசு. தோ காகேபா ஈ தெசு கா" (குடும்பப் பெயர் இல்லை, எப்படி எழுதுவது) என்று கேளுங்கள். ஒரே பெயரைப் பிரித்து எழுதச் சொல்லலாம், காகித விண்ணப்பம் அனுப்பலாம். இது இடத்துக்கு இடம் மாறும், அதனால் அடுத்தவர் செய்ததைப் பார்த்துச் செய்யாமல் அந்த நிறுவனத்தையே கேளுங்கள்.

இன்னொன்று முகவரி. ஃபாரத்தில் 'சென்காகு' (முழு அகல எழுத்து) என்று இருந்தால் எண்கள்கூட அகல எழுத்தில்தான் வேண்டும். எண்களுக்கு நடுவே போடும் கோடும் கதகனா நீட்டல் கோடும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

மறுத்த காரணத்தை எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். 'சோகோதெகி நா ஹந்தான்', அதாவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எடுத்த முடிவு என்பதோடு பேச்சு முடியும். விண்ணப்பித்த பதிவு சிஐசி என்ற கடன் தகவல் நிறுவனத்தில் 6 மாதம் இருக்கும். அடுத்த கம்பெனி அதைப் பார்க்கும். மறுத்த வேகத்தில் வரிசையாக நாலு இடத்தில் போடாதீர்கள்.

ஒசாகா_மொழிபெயர்ப்பு:
ஃபோன் பத்தி நான் சொல்றேன். அவங்க முதல்ல உறுதி பண்றது 'ஹொன்னின்', அதாவது கணக்குக்காரர் நீங்கதானான்னு. நண்பர் எடுத்த எடுப்புல பேசினா அங்கேயே முடிஞ்சுடும். பதிவு பண்ணின நம்பர்லேர்ந்து நீங்களே கூப்பிடுங்க. "ஹொன்னின் தெசு"ன்னு சொல்லி, பெயர், பிறந்த தேதி, ரூம் நம்பர் வரைக்கும் முகவரி, மூணையும் நீங்களே சொல்லுங்க. அப்புறம் "யூஜின் நி கவத்தெமோ ஈ தெசு கா" (நண்பரிடம் கொடுக்கலாமா)ன்னு கேளுங்க. எல்லா இடத்துலயும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா பல இடத்துல கதவு திறக்கிறது இந்த வரிசையிலதான். பிறந்த வருஷத்தை ஜப்பான் கணக்குல கேட்டா, 1990-கள்ல பிறந்தவங்க 1988-ஐக் கழிச்சுக்குங்க: 1994-ன்னா ஹெய்செய் (அப்போ இருந்த பேரரசர் காலத்தோட பெயர்) 6.

'தெகிகனெமாசு'ங்கற வார்த்தையில பலர் ஏமாறுறாங்க. 'தெகி'ன்னு ஆரம்பிக்கிறதால முடியும்னு காதுல விழும், அர்த்தம் முடியாது. "ச்சொத்தொ முஸுகஷீ" (கொஞ்சம் கஷ்டம்) சொன்னாலும் முடியாதுதான். எதிர்ல இருக்கிறவருக்கு விதியை மாத்துற அதிகாரம் கிடையாது, அதனால ஏன்னு மல்லுக்கு நிக்கிறதுல பலன் இல்ல. "ஹொக நி ஹோஹோ வ அரிமாசு கா" (வேற வழி இருக்கா), "நானி கா ஹித்சுயோ தெசு கா" (என்ன தேவை). இந்த ரெண்டுக்கும் பதில் சொல்ல அவங்களால முடியும், சிரத்தையாத் தேடியும் சொல்வாங்க.

சைவம்_நகோயா:
இதே 'தெகிகனெமாசு' ஊடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடையிலும் வருகிறது. மீன் சாறு இல்லாமல் கேட்டால் ஏன் தர மறுக்கிறார்கள்?

ஒசாகா_மொழிபெயர்ப்பு:
அந்தச் சாறு முன்னாடியே மொத்தமா காய்ச்சி வெச்சது, கிண்ணத்துலேர்ந்து பிரிக்க வழி இல்ல. "நிகு நாஷி"ன்னு கேட்டா கறித்துண்டுதான் போகும். மீன் சாறு அப்படியே இருக்கும், சில கடையில ஹாம்கூட வரும். "கத்சுவோ தாஷி வ ஹாய்த்தெ இமாசு கா"ன்னு மீன் பெயரைச் சொல்லிக் கேளுங்க. அலர்ஜி அட்டவணையை நம்பி இறங்காதீங்க, கத்சுவோ அந்தப் பட்டியல்லயே இல்ல. நத்தோ (புளிக்க வெச்ச சோயா) டப்பாவுல வர்ற குட்டி சாஸ் பாக்கெட்லயும் பெரும்பாலும் கத்சுவோ உண்டு. ஆனா அலர்ஜின்னு பொய் சொல்லிடாதீங்க. ஒரே பாத்திரம், ஒரே எண்ணெய்ங்கற பயத்துல சாப்பாடே தர மாட்டோம்னுடுவாங்க.

நிஷிகசாய்_புதுசு:
மிக்க நன்றி. பாஸ்புக்கில் நீட்டல் கோடு இருக்கிறது, நான் ஃபாரத்தில் போடவில்லை. வங்கியில் இருக்கும் கதகனாவையே மாற்ற முடியுமா?

கதகனா_கணக்கு:
முடியும், ஆனால் ஃபாரத்தைத் திருத்துவதுதான் சுலபம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ரெசிடென்ஸ் கார்டு, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கையெழுத்துக்குப் பதில் முத்திரை பதிந்திருந்தால் அதே முத்திரை ஆகியவற்றோடு கிளைக்குப் போங்கள். பெரும்பாலும் 3 மணிக்கு மூடிவிடுவார்கள். முன்பதிவு வேண்டுமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய அன்றே ஆபீஸ் சம்பளப் பிரிவுக்குப் புது எழுத்தை அனுப்பிவிடுங்கள். பழைய எழுத்தில் வரும் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும்.