வண்டியில் அடிபட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்

2016இல் நடந்தது. கோவை கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் என் தம்பி தகட்டை அழுத்தி வெட்டும் மெஷினான பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பெடலை மிதித்தால் டை, அதாவது இரும்பு அச்சு, இறங்கும். தகட்டை வைக்கக் கை உள்ளே போக வேண்டும். முன்னால் கையைக் காக்கும் கம்பி வலைத் தடுப்பு ஒன்று இருந்திருக்கிறது, கார்டு என்பார்கள். வேலை மெதுவாகிறது என்று சூப்பர்வைசரே அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார். அன்று வலது ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணுவும் போய்விட்டன.

தனியார் ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனபோது, கையில் சுற்றிய பனியன் துணி முழுக்க ரத்தமும் கிரீஸும். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வண்டிச் செயின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிருங்க்கா, செலவெல்லாம் மொதலாளி பாத்துக்குவாரு" என்றார். பில் எவ்வளவு வருமோ என்ற பயத்தில் நான் தலையாட்டிவிட்டேன். தம்பிதான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிரஸ்ல மாட்டுச்சுங்க டாக்டர்" என்றான். அவரும் அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது.

ஒரு வாரத்தில் பேச்சு மாறிவிட்டது. "அவன் கவனமா இல்ல", "அவன் கான்ட்ராக்டர் ஆளு" என்றார்கள். சேர்ந்து மூன்று மாதமாகியும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பெயர் பதியவில்லை. தெரிந்த தொழிற்சங்க அண்ணன் ஒருவர்தான் உட்கார வைத்து, அப்போதிருந்த சட்டத்தைச் சொன்னார். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, ஆபத்தான பாகத்துக்குக் காப்பு போடுவதும், மெஷின் ஓடும்போது அது இடத்தில் இருக்கும்படி பார்ப்பதும் ஆலை நடத்துகிறவரின் கடமை. போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் சேர்த்த 7ஏ பிரிவு, பயிற்சியும் மேற்பார்வையும்கூட அவர் பொறுப்பு என்கிறது. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாவிட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். எங்கள் விஷயத்தில் போகவே இல்லை. கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் இ.எஸ்.ஐ. சந்தாவுக்கு முதன்மை முதலாளிதான், அதாவது பட்டறை முதலாளிதான் பொறுப்பு. அவர் கட்டாமல் விட்டால் இ.எஸ்.ஐ. கழகம் பணப்பலனைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம்.

இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு ஏழெட்டு முறை நடந்தோம். கூட வேலை செய்த பையன் செல்லில் எடுத்து வைத்திருந்த, சுவரோரம் சாய்த்த அந்தத் தடுப்பின் படமும் உதவியது. விரல் ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்தது. அப்புறம் மருத்துவ வாரியம் 11 சதவீத இழப்பு என்று எழுதியது. சட்ட அட்டவணையில் ஆள்காட்டி விரலின் இரண்டு கணுவுக்கு அதுதான் கணக்கு. சட்டைப் பொத்தான் போட அவன் படும் பாட்டைப் பார்க்கிற எனக்கு அந்த எண் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனாலும் மாதாமாதம் வருகிறது, ஆயுள் முழுக்க வரும்.

2025 நவம்பரில் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் முன்பு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை, இப்போது 20 பேர் வேண்டும். தம்பி இருந்த இடத்தில் 14 பேர்தான். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. பொதுவான பாதுகாப்புக் கடமை 10 பேர் இருந்தாலே முதலாளிக்கு உண்டு என்று வைத்திருப்பது கொஞ்சம் ஆறுதல்.

யார் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியை, அதாவது அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை, கேட்டு வாங்கி வையுங்கள்.

தம்பி இப்போது வேறு பட்டறையில் இருக்கிறான். சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ. நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டான். அங்கே இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்.