தொகுதி உறுப்பினருக்குக் கடிதம்: எழுதுவதா, விடுவதா?

ஆயாவின் பேத்தி:
மலேசியாவின் பேரா மாநிலத்தில் எங்கள் தோட்டப் பட்டணத்தில் விடிகாலை ஐந்தரைக்கே செம்பனை லாரி வந்துவிடுகிறது. அம்மாமார் ஏறிப் போனபின் பிள்ளைகளைப் பார்ப்பது பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர்தான். இப்போது ஏழு பிள்ளைகள். அதில் ஐந்து பேருக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. முன்பு தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. தோட்டம் கைமாறியபோது அதுவும் போயிற்று. ஒரு தாஸ்கா, அதாவது பதிவுபெற்ற குழந்தைக் காப்பகம் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம் என்றேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

லயத்துக்காரன்:
சிரிக்காமல் என்ன செய்வார்கள் அக்கா? கோயில் சாலை விளக்குக்காக நாற்பது பேர் கையெழுத்திட்டு மகஜர் கொடுத்தோம். படம் எடுத்துக்கொண்டார்கள். சாலை இன்னும் இருட்டு. ஆளுக்கு இருபது ரிங்கிட் போட்டுப் பாட்டிக்குத் துணையாள் வையுங்கள்.

பழைய செயலாளர்:
தம்பி, தெருவிளக்கு மாவட்ட மன்றத்தின் வேலை. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. நம் ஓட்டுக்கு அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. சமூகநலம் அப்படியல்ல. அது மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருப்பது. நாடாளுமன்ற உறுப்பினரையும் கேட்கலாம், சட்டமன்ற உறுப்பினரையும் கேட்கலாம். இருவருமே ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள். இன்னொன்று: 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளைகளைக் கூலிக்குப் பார்த்தாலே சமூகநல இலாகாவில் பதிய வேண்டும்.

லயத்துக்காரன்:
இதைத்தான் சொல்ல வந்தேன், ஐயா. கடிதம் போய், அதிகாரி வந்து, பாட்டி வீட்டை மூடிவிட்டால்? திங்கட்கிழமை காலை ஏழு பிள்ளைகளும் எங்கே போவார்கள்? உறுப்பினர் மடியிலா?

ஆயாவின் பேத்தி:
உண்மையாகவே இதை நான் யோசிக்கவில்லை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

பழைய செயலாளர்:
பாட்டி பெயரை எழுத வேண்டாம், அம்மா. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, அம்மாமார் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எந்த மண்டபம் சும்மா கிடக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பாட்டியே பதிந்துகொள்ள உதவி உண்டா என்றும் கேளுங்கள். “ஆவன செய்யுங்கள்” என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அதற்கு ஆவன செய்தவரை நான் பார்த்ததில்லை. குடும்ப நல அமைச்சிடம் மக்களவையில் எழுத்துவழிக் கேள்வி கேட்கும்படி நேராகவே கேளுங்கள். அமைச்சின் பதில் எழுத்தில் நிற்கும்.

மூன்றாம் லயம்:
2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். எனக்கு அதில் 61 நாள் ஆகிவிட்டது. தொண்ணூற்றொன்பதாம் நாள் பாட்டி வீட்டில் எட்டாவது பிள்ளை என்னுடையது. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

லயத்துக்காரன்:
எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் பழைய மகஜரின் நகலைத் தேடி எடுத்தேன். பெறுநர் என்ற இடத்தில் “மாண்புமிகு” என்று மட்டும் இருக்கிறது. எந்த மாண்புமிகு என்று நாற்பது பேரில் ஒருவரும் எழுதவில்லை.