புதுப்பிப்பு: ராக்கர் ஆர்மை மாற்ற வேண்டியிருக்கவில்லை

என் சிறிய நான்கு ஸ்ட்ரோக் பம்ப் இன்ஜினில் டிக் டிக் சத்தம் வருகிறது, தகட்டு எஃகு ராக்கர் ஆர்மை (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) எடுத்துவிட்டு அலுமினியம் போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"முதலில் புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. (புஷ் ராட் என்பது ராக்கர் ஆர்மைத் தள்ளும் கம்பி.) எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்க ராட் லேசாக வளைந்திருந்தது. வால்வு இடைவெளி (ஆர்முக்கும் வால்வு முனைக்கும் நடுவே உள்ளது) 0.20 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.40. புது ராட் போட்டு, இன்ஜின் குளிர்ந்த நிலையில், பிஸ்டன் அழுத்தச் சுற்றின் உச்சியில் நிற்கும்போது இடைவெளியைச் சரிசெய்தேன். சத்தம் போய்விட்டது.

ஆசை விடவில்லை, வாங்கி வைத்திருந்த அலுமினிய ஆர்மையும் மாட்டிப் பார்த்தேன். எதிர்பாராதது இங்கேதான்: அது தடிமனாக இருந்ததால் வால்வு மூடியின் உட்புறத்தில் உரசியது. தடித்த கேஸ்கெட் (மூடிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) இல்லாமல் பொருந்தாது. கழற்றிவிட்டேன்.

கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் போகவிடாத இன்ஜினில் எஃகுத் தகடே தாராளமாகத் தாங்குகிறது. கவர்னரைக் கழற்றி, கடினமான வால்வு ஸ்பிரிங் போட்டு வேகமாக ஓட்டுபவர்களுக்குத் தகடு வளைந்து கொடுக்கும்; அவர்களுக்கு அலுமினியம் பொருந்தும். அலுமினியம் எல்லாமே ரோலர் முனை (வால்வைத் தொடும் இடத்தில் சிறு உருளை) கொண்டதல்ல, வாங்கும்போது கவனியுங்கள். என்னுடையது அப்படி இல்லை.

பழைய எஃகு ஆர்மே மீண்டும் உள்ளே. 20 மணி நேரம் ஓடிய பிறகும் இடைவெளி மாறவில்லை.